வெள்ளிக்கிழமைக் கால்வாய்

9.2.2007, வெள்ளி, இரவு

இந்த வளைகுடா ஊரில் வெனிஸ் நகரம் மாதிரியே உள்ளே கால்வாய் கட்டிய மாலுக்கு அப்பா கூட்டிப்போனார். ஒப்பந்த வேலை முடிந்து நாளை ஊருக்கே திரும்பும் சித்தப்பாவும் வந்தார். கூச்சத்தில் எங்களைவிட்டுத் தள்ளியே நடந்தார். தனி ஆள் என்று நினைத்துக் காவலாளி, "ஃப்ரைடே ஃபேமிலி ஒன்லி, பாய்" என்று அவரை நிறுத்திவிட்டார்.

'என் தம்பி' என்று அப்பா சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "நீங்க போங்கண்ணே, பாப்பா பாக்கட்டும்" என்றார் சித்தப்பா. நாங்கள் போய்விட்டோம்.

வெனிஸில் கூட்டமில்லாத கரைகள்தான் அழகு என்று நூலகப் புத்தகத்தில் படித்திருந்தேன். இங்கேயும் தேடினேன். கடைசிப் பாலத்துக்கு அப்பால் அப்படி ஓர் இடம் இருந்தது. அப்பாவும் நானும் அங்கே நின்று தண்ணீரைப் பார்த்தோம்.

வெளியே வந்ததும் சித்தப்பா ஆசையாகக் கேட்டார். "நெசத் தண்ணிதானா, பாப்பா?"

நான் தொட்டே பார்க்கவில்லை. "ஆமாம் சித்தப்பா" என்றேன்.