சிறு காய்ச்சல் என்று அச்சடித்தார்கள்

என் மனோன்மணிக்கு,

இஞ்சாரும், உம்முடைய கல்வெட்டு அச்சகத்திலிருந்து திருத்தத்துக்கு வந்திருக்கிறது. முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வருகிற சனத்துக்குக் கொடுக்கிற புத்தகம். உம்முடைய பெரியண்ணர் எழுதியது. அதில் நீர் சிறு காய்ச்சலால் சிவபதம் அடைந்திருக்கிறீர். நாலு வரி தள்ளி என்னை ‘நோய் அணுகாப் புண்ணியசீலர்’ என்று புகழ்ந்திருக்கிறார். வாசித்ததும் அந்த வரியைப் பேனையால் வெட்டினேன்.

குஷ்டம் என்று எழுத அவருக்குக் கை கூசுகிறதாம். உம்மை வாய்க்காலோரக் கொட்டிலில் தள்ளி வைத்தபோது கூசவில்லை. அவரை மட்டும் சொல்வானேன்? அந்தக் கொட்டிலுக்குக் கிடுகு வேய்ந்தவன் நான்.

முதலில் தோளில் நிறம் மங்கிய ஒரு வட்டம் வந்தது. தேமல் என்று நான்தான் சொன்னேன். பிறகொரு நாள் குசினியில் கொதிக்கிற சட்டியை வெறுங்கையால் இறக்கிவிட்டு, விரல் வெந்தது தெரியாமல் என்னோடு கதைத்துக்கொண்டு நின்றீர். அன்றைக்கே எனக்கு விளங்கிவிட்டது. விளங்கியும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவில்லை. இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி இந்தக் குடியேற்றத்துக்கு வந்து, அப்போதுதான் நாலு பேர் என்னை மதிக்கத் தொடங்கியிருந்தார்கள். அந்த மதிப்புக்காக உம்மை இரண்டு வருடம் ஒளித்து வைத்தேன். மருந்துக் குளிசை உம்முடைய கைக்கு வந்தபோது காலில் புண் எலும்பு வரை போய்விட்டது. அதற்குப் பிறகுதான் கொட்டில்; அந்தப் புண்ணே கடைசியில் உம்மைக் கொண்டு போனது.

கோயில் வாசலில் என் காதுபடவே சொல்வார்கள். “அவரைப் பாருங்கோ. இவ்வளவு காலம் ஒண்டாய்ச் சீவிச்ச மனுசன். உடம்பிலை ஒரு பொட்டும் இல்லை. அது சுத்தமான உடம்பு.”

அப்படியென்றால் நீர் அசுத்தம். எங்கேயோ பாவம் செய்தவர். நான் மறுத்துப் பேசினேனா? வேட்டியைச் சரிசெய்துகொண்டு நின்றேன். உள்ளுக்குள் இனித்தது, மனோன்மணி. இப்போது நினைத்தால் என் தோலை நானே உரித்து எறியலாம் போலிருக்கிறது.

உமக்குத் தெரியாத செய்தி ஒன்று. நீர் போவதற்குச் சில கிழமைகளுக்கு முன், டாக்குத்தர் ஐயா என் கையிலும் எங்கள் மகள் கமலியின் கையிலும் சோதனைக்கென்று ஊசி போட்டாரே? அதைப் பார்க்க, நீர் போன பத்தாம் நாள் வந்தார். என் கையில் ஊசி போட்ட இடம் மிளகளவில் தடித்திருந்தது. கிருமியை எதிர்க்கிற உடம்பு என்றார்.

“நான் செய்த புண்ணியமோ ஐயா?” என்று கேட்டேன். வெட்கங்கெட்டவன், அப்போதும் கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. “புண்ணியமும் இல்லை, சுத்தமும் இல்லை. அனேகமான ஆக்களின்ரை உடம்பு இந்தக் கிருமியைத் தானாய் அழிச்சுப்போடும். சில பேரின்ரை உடம்புக்கு அது ஏலாது. தாய் தேப்பனிட்டை இருந்து மூக்கும் முழியும் வாறமாதிரி இதுவும் வருகுது போலை எண்டு படிச்ச ஆக்கள் இப்பதான் யோசிக்கினம். குஷ்ட வருத்தம் பரம்பரையில்லை. அதைத் தாங்கிற வலுத்தான் பரம்பரை. உம்மடை மனுசி ஒரு பிழையும் செய்யேல்லை.”

என் அப்புவும் ஆச்சியும் தந்துவிட்டுப் போன ஒன்றை வைத்துக்கொண்டு இத்தனை வருடம் பெருமையடித்திருக்கிறேன். சீ!

பிறகு கமலி கையை நீட்டினாள். தடிப்பே இல்லை. “அம்மான்ரை உடம்பு மாதிரியோ ஐயா?” என்று கேட்டாள்.

“அப்பிடித்தான் போலை, பிள்ளை. அதுக்காண்டி வருத்தம் வந்திட்டுது எண்டில்லை. வராமலும் போகலாம். ஆனால் உடம்பிலை ஒரு மங்கின பொட்டோ, தொட்டால் தெரியாத விறைப்போ இருந்தால் அண்டைக்கே வரவேணும். துவக்கத்திலை குளிசை கேக்கும்.”

இதையெல்லாம் சொல்லித்தான் கல்வெட்டில் உண்மையைப் போடச் சொன்னேன். உம்முடைய அண்ணர் குதித்தார். “வீட்டிலை குமர்ப்பிள்ளை இருக்கு. உந்தக் கதையை ஊரெல்லாம் சொல்லி அவளின்ரை வாழ்க்கையைக் கெடுக்கப்போறீரோ?”

கமலிதான் பதில் சொன்னாள். “மாமா, நாளைக்கு எனக்கொரு பொட்டு வந்தால் நான் ஆருக்குக் காட்டுறது? நானும் காய்ச்சல் எண்டு சொல்லிக்கொண்டு கிடக்கிறதோ?”

அவர் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நான் அந்தப் புத்தகத்தை நிறுத்திவிட்டேன். அதற்குப் பதிலாக இந்தக் கடிதத்தைத்தான் அச்சடித்துக் கொடுக்கப் போகிறேன். வாசிக்கிறவர்கள் முகம் சுழிக்கட்டும். பெண் கேட்டு வருகிறவன் இதை வாசித்துவிட்டே வரட்டும்.

ஒன்றை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை. டாக்குத்தர் ஐயா வெளியே போக வாசல் படலையைத் திறக்கும்போது கேட்டேன். “நான் அவவோடை ஒரே சோத்துக் கோப்பையிலை சாப்பிட்டிருந்தால்?”

“உமக்கு ஒண்டும் வந்திராது” என்றார்.

கடைசி மூன்று வருடம் உம்முடைய சோற்றைக் கொட்டில் வாசல் கல்லில் வைத்துவிட்டு, நீர் வெளியே வருமுன் திரும்பி நடப்பேன். “நீங்கள் சாப்பிட்டிட்டியளோ?” என்று முதுகுக்குப் பின்னால் கேட்பீர். ஒரு நாளாவது நின்று பதில் சொன்னேனா?

கமலிக்கு அப்படியொரு பொட்டு வந்தால் அன்றைக்கே மருந்துக்குக் கூட்டிப் போவேன். திரும்பி வந்து என் கோப்பையிலேயே அவளுக்குச் சோறு குழைத்துக் கொடுப்பேன். இது சத்தியம். உமக்கும் இதைச் செய்திருக்கலாம். என் உடம்பு தாங்கியிருக்கும், மனோன்மணி. நான்தான் தாங்கவில்லை.

உம்முடைய புருஷன்,
கமலியின் அப்பா