மஞ்சள் கொடி ஏறாத கொல்லை

அன்புள்ள அக்கா,

இன்று காலை உளுந்துச் செடிகளுக்கு நடுவே மஞ்சளாக ஏதோ நெளிந்து கிடந்தது. மறுபடியும் அந்தக் கொடிதான் என்று ஓடினேன். குனிந்து இழுத்தால், உர மூட்டை தைத்த நூல்! வரப்பில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். நீ இருந்திருந்தால், "நூலுக்கே இப்டின்னா பாம்பப் பாத்தா இன்னாடி பண்ணுவ?" என்று மானத்தை வாங்கியிருப்பாய்.

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு சிங்கவரத்துக்கு வந்த நாம் இருவரும் இந்த ஒரு கொல்லை நிலத்தைத்தான் சேர்ந்து பார்த்தோம். ஒரு வருஷம் உளுந்தில் அந்தக் கொடி வந்தது. இலை கிடையாது, வெறும் மஞ்சள் இழை. செடியைச் சுற்றிக்கொண்டு சாற்றை உறிஞ்சியது. அதற்குப் போய் அம்மையார் கூந்தல் என்று பெயர் வைத்த மகராசன் கொல்லைப் பக்கமே வந்திருக்க மாட்டான். நாம் பொறுமையாகக் கொடியை மட்டும் பிரித்துப் பிரித்து எடுத்தோம். அறுந்து விழுந்த துண்டெல்லாம் அடுத்த செடியில் ஏறிக்கொண்டது.

ஒரு நாள் நீ முந்தானையை இழுத்துச் செருகினாய். கொடி பிடித்த செடிகளோடு, சுற்றி ஒரு முழம் தள்ளி நின்ற நல்ல செடிகளையும் சேர்த்துப் பிடுங்க ஆரம்பித்தாய். பூவும் பிஞ்சுமாக நின்ற பயிர். நம் மாமியார் வரப்பில் நின்று வயிற்றில் அடித்துக்கொண்டார். "சூலுப் பயிருடி! அதப் புடுங்கினா குடும்பத்துக்கு ஆவாதுடி!"

"கொடி பூக்கறதுக்குள்ள புடுங்கலன்னா கொல்லியே நமக்கு இல்ல அத்தை," என்றாய். பிடுங்கியதை அங்கேயே காயவைத்து எரித்தாய். கம்பில் அது ஏறாது என்று செஞ்சி உரக்கடையில் கேட்டுவந்து, அடுத்து கம்பு விதைக்க வைத்ததும் நீதான்.

கம்பு கதிர் பிடிக்கும்போது நீ படுத்துவிட்டாய். ஊர் சும்மா இருக்குமா? சூல் பயிரைப் பிடுங்கியவள் என்று பேசியது. யாருக்கும் பயப்படாத நீ, ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நெஜமாவே பாவமாடி?" என்று கேட்டாய். எனக்கு அழுகைதான் வந்தது. பதில் கேட்காமலே போய்விட்டாய்.

அந்தக் கொடியின் விதை மண்ணில் பல வருஷம் தூங்குமாம். அதனால் கம்பும் கேழ்வரகுமாக மாற்றி மாற்றிப் போட்டு, இந்த வருஷம்தான் துணிந்து உளுந்து விதைத்தேன். தினமும் விடிந்ததும் போய்ச் சால் சாலாகப் பார்த்தேன். ஒரு இழை இல்லை அக்கா. காய் கறுத்து நிற்கிறது. அப்பாடா என்று இருக்கிறது. நேற்று மதியம் நன்றாகத் தூங்கினேன்.

போன வாரம் தளவானூரிலிருந்து நம் சின்ன நாத்தனார் போன் செய்தாள். அவள் உளுந்திலும் மஞ்சள் கொடி ஏறிவிட்டது. போய் இறங்கி, உன்னைப் போலவே முந்தானையைச் செருகிக்கொண்டு நல்ல செடிகளையும் சேர்த்துப் பிடுங்கினேன். "காய் புடிச்ச பயிராச்சே, பாவமில்லியா அண்ணி?" என்று அழுதாள்.

"இன்னா பாவம்? பஸ் ஏறி வந்து எங்க கொல்லியப் பாரு," என்றேன். கிளம்பும்போது, ஒரு துண்டுக் கொடிகூட ஒட்டி வந்துவிடக் கூடாதே என்று சேலையை மட்டும் நன்றாக உதறிக்கொண்டேன்.

நாளைக்கு வருகிறாள். நீ பிடுங்கி எரித்த இடத்தில்தான் அவளை நிறுத்தப்போகிறேன். அங்கேதான் காய் அதிகம், அக்கா.