வீட்டை ஈடு கேட்ட பெரியவளுக்கு

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் தங்கச்சியும் சுகம், அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கினால் மீதிச் சுகமும் எனக்கு வந்துவிடும். கண்ணில் புரை எடுத்திருப்பதால் நான் சொல்லச் சொல்ல இவள் எழுதுகிறாள், கையெழுத்து நன்றாக இருந்தால் அவளைப் பாராட்டு, விஷயம் கசந்தால் என்னைத் திட்டு. நம் சலவைக் கடைக்குப் புது இஸ்திரிப் பெட்டி வாங்கியாயிற்று, பழையதைத் தூக்கிப்போட இன்னும் மனசு வரவில்லை. நீ அனுப்பிய அடமானப் பத்திரம் வந்தது. உன் வக்கீல் ஆபீசில் உன்னைப் பங்குதாரர் ஆக்கப்போகிறார்கள் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டேன், பக்கத்துக் கடை டெய்லர், "இனிமே உங்ககூட சண்டைகூட போட முடியாதேக்கா" என்று சிரித்தார். அந்தப் பங்குக்குப் போட வேண்டிய முதலுக்கு பாங்கில் கடன் வாங்க இந்த வீட்டை ஈடு கேட்கிறாய். உங்கள் பெரிய வக்கீலும் போனில், "வீடு சும்மாதானேம்மா இருக்கு, ஒரு கையெழுத்துதான்" என்றார். "சும்மா இல்லீங்க, நாங்க அதுல இருக்கோம்" என்றேன். அதற்குப் பிறகு அவர் மழையைப் பற்றிப் பேசினார்.

பங்குதாரருக்கு மாதச் சம்பளம் கிடையாது, வருஷக் கடைசியில் லாபத்தில்தான் பங்கு என்று நீதான் சொன்னாய். கேஸ் ஜெயித்த பிறகு போனையே எடுக்காத கட்சிக்காரர்களைப் பற்றியும் நீதான் சொன்னாய். பாங்கு அப்படிக் காத்திருக்காது, மாதம் பிறந்தால் கேட்கும். அதனால் புதுக் கார் ஆசையைத் தள்ளி வை, ஒரு வருஷம் பாதிச் சம்பளத்தில் வாழ்ந்து பார், மிச்சத்தில் ஆறு மாதச் செலவைத் தனியாக ஒதுக்கு, பங்குக்கான முதலையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர். அப்புறம் ஃபீஸ் வரத் தொடங்கினால் வந்த அன்றே வரிக்கு எடுத்து வைத்துவிடு. உன் திறமைக்கு அவர்கள் ஒரு வருஷம் காத்திருப்பார்கள், அதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. இன்னொன்று, இது தங்கச்சிக்கும் வீடு, உன் படிப்புக்காகத் தன் பள்ளிக்கூடத்தை நிறுத்தியவள் அவள். இந்த வரியை எழுத மாட்டேன் என்று பேனாவை மூடி வைத்துவிட்டாள், "அக்கா மனசு கஷ்டப்படும்மா, எனக்கு ஒண்ணும் வேணாம்" என்று ஒரே பிடிவாதம். "சொல்றவ நான், எழுதுறவதான் நீ" என்று அதட்டி எழுத வைத்தேன். இப்போது உன்னை ஒன்று கேட்கிறேன். என்னை மாதிரி ஒரு பொம்பளை உன் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, மகள் தொழிலுக்காக இருக்கிற ஒரே வீட்டை ஈடு வைக்கலாமா என்று கேட்டால் என்ன சொல்வாய்? மகளாக வேண்டாம், வக்கீலாகப் பதில் எழுது. வைக்கலாம் என்று உன் பெயரும் முத்திரையும் போட்டு எழுதினால் மறுநாளே கையெழுத்துப் போடுகிறேன், அதுவரை பத்திரம் அலமாரியில் இருக்கட்டும்.

நீ நினைத்த உயரத்துக்கு வருவாய், நான் பார்க்கத்தான் போகிறேன். கோர்ட்டு அவசரத்தில் வெறும் வயிற்றோடு ஓடாதே. பதில் போட மறக்காதே. இந்தக் காகிதத்தில் மட்டும் நானே கையெழுத்துப் போடுகிறேன்,

ஆசிகளுடன்,
உன் அம்மா