மாரியின் டர்போவும் என் பெரிய எஞ்சினும்

அன்பு மாரி,

நம் காருக்கு எஞ்சின் முடிவாகிவிட்டது. முதலில் உன்னிடம்தான் சொல்லவேண்டும் என்று போனை எடுத்துவிட்டேன். ஏழு மாதமாகியும் இந்தக் கை அடங்கவில்லை.

நம் சண்டை உனக்கு மறந்திருக்காது. இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் நம் பழைய கார் பறக்கவேண்டும் என்பதில் இருவருக்கும் ஒரே மனசு. இருக்கிற எஞ்சினிலேயே, காற்றை அழுத்தி உள்ளே தள்ளி வேகம் கூட்டும் டர்போவை மாட்டலாம் என்றாய் நீ. அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பெரிய எஞ்சினாக வைக்கலாம் என்றேன் நான்.

"ஒனக்கு வண்டி ஓட்டத்தாம்லே தெரியும், எஞ்சினப் பத்தி என்ன தெரியும்?" என்றாய். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. எங்கள் வீட்டு மாடியறையில்தான் குடியிருந்தாய். இருந்தும் ஒன்பது நாள் உன் முகத்தைப் பார்க்கவில்லை.

"மேல அந்தப் புள்ள காச்சல்ல கீது, போய் இன்னான்னு கேளுடா" என்றாள் அம்மா. நான் படியேறவில்லை. வீம்பு. மறுநாள் நான் ஓரகடத்தில் நம் கம்பெனியில் ஷிப்டில் இருந்தபோது, காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரியில் உன் உயிர் போய்விட்டது.

உன் டர்போவையே மாட்டுவது என்று முடிவெடுத்தேன். மன்னிப்புக் கேட்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. போன ஞாயிறு படப்பையில் பாஷா பாய் ஒர்க்‌ஷாப்பில் எஞ்சினைத் திறந்தோம். உள்ளே எல்லாப் போல்ட்டின் மேலும் உன் மஞ்சள் புள்ளி. கம்பெனி அசெம்பிளி லைனில் செய்வதுபோலத்தான் அந்த எஞ்சினையும் நாம் பூட்டியிருந்தோம்: நான் இறுக்கவேண்டும், நீ சோதித்துவிட்டுப் புள்ளி வைக்கவேண்டும்.

பாஷா பாய் ஒரு போல்ட்டைத் தொட்டதும் நிமிர்ந்தார். "இன்னாப்பா இது, மார்க்கு கீது, டைட்டு இல்லியே?"

விரலாலேயே சுற்ற வந்தது. அந்த இடத்தில் தண்ணீர் கசிந்து, சூடேறி, எஞ்சின் விரிசல் விட்டிருந்தது.

"இதுல டர்போ வெச்சா தாங்காது. வேற எஞ்சின்தான்" என்றார்.

லைனில் எல்லோர் போல்ட்டையும் சோதிப்பாய், என்னுடையதைத் தவிர. சூப்பர்வைசர் கேட்டதற்குக்கூட, "ஜேம்ஸ் கை வச்சத நான் என்னத்துக்கு சார் பாக்கணும்?" என்றாயே. அதே நம்பிக்கையில்தான் நான் இறுக்காமல் விட்டதன் மேலும் புள்ளி வைத்திருக்கிறாய். அப்படி நம்பியவனைப் பார்க்கவா எனக்குப் படியேறக் கசந்தது?

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பாஷா பாய் டீ வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனார்.

உன் இடத்தில் இப்போது இசக்கி என்று ஒரு தென்காசிப் பெண் நிற்கிறாள். "அண்ணே, நீங்க சீனியரு, ஒங்களதையுமா பாக்கணும்?" என்று நேற்று கேட்டாள். "என்னோடத மொதல்ல பாரும்மா" என்றேன்.

வெள்ளிக்கிழமை பெரிய எஞ்சின் வருகிறது. நான் கேட்ட அதே எஞ்சின். சண்டையில் நான் ஜெயித்துவிட்டேன், மாரி. யாருக்குடா வேண்டும் இந்த ஜெயிப்பு?

இனி யாரோடு கோபித்தாலும், அன்றைக்கே நானே போய் முதலில் பேசிவிடுவேன். இது உனக்குக் கொடுக்கிற வாக்கு. உனக்குத்தான் அதைச் செய்யவில்லை.

உன் மச்சான்,
ஜேம்ஸ்
வடக்குப்பட்டு