அம்மா சிரித்த பத்தி

பிப்ரவரி 3, செவ்வாய்

மழை. துறையின் ஜெராக்ஸ் இயந்திரம் இன்றும் மக்கர். ஒரு வழியாகக் கதையைப் பிரதி எடுத்து வகுப்பில் எல்லோருக்கும் கொடுத்துவிட்டேன். வியாழக்கிழமை பிரித்து மேய்வார்கள். எங்கள் ஆங்கிலத் துறையில் எழுத்துப் பயிற்சி வகுப்புக்கென்று ஒரு விதி உண்டு. யாருடைய கதையைப் பேசுகிறார்களோ அந்த ஆள் கடைசிவரை வாயைத் திறக்கக் கூடாது. ஒவ்வொரு வாசகர் வீட்டுக்கும் போய் விளக்கம் சொல்லவா முடியும் என்பது பேராசிரியையின் வாதம். சரிதான்.

அப்பா போன நாளை எழுதியிருக்கிறேன். ஒரு சொல்கூடக் கற்பனை இல்லை. சவரம் செய்துகொள்ள சலூனுக்குப் போனார். அந்த நாற்காலியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. பக்கத்து டாக்டர் வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். சலூன்காரர்தான் ஆள் பிடித்துத் தூக்கி வந்தார். அப்பாவுக்கு ஒரு கன்னம் பளபளவென்று இருந்தது, மற்றதில் நுரை காய்ந்திருந்தது. அவர்கள் இறக்கிவிட்டுப் போனதும், நான் மட்டும் பக்கத்தில் இருக்க, அம்மா குனிந்து பார்த்தாள். “என்னங்க இது, அவ்வளவு என்ன அவசரம், பாதியில எழுந்து வந்துட்டீங்க?” என்றாள். பிறகு சிரித்தாள். மூச்சு முட்டச் சிரித்தாள். இருவரும் நாள் முழுக்க ஒருவரை ஒருவர் கிண்டல் செய்துகொண்டே வாழ்ந்தவர்கள். கடைசிக் கிண்டலுக்கும் அவர் பதில் சொல்வார் என்று காத்திருந்தாள்.

அம்மாவுக்கு அவர்மேல் எவ்வளவு ஆசை என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அந்த ஒரு பத்திக்காகத்தான் மற்ற பக்கங்கள் எல்லாம்.

பிப்ரவரி 5, வியாழன்

எப்படி எழுதுவது இதை.

அவர்கள் பேசியது ஆங்கிலம். எனக்குக் கேட்டது இப்படி.

முதலில் ‘அடிக்குறிப்பு’ ஆரம்பித்தான். மேற்கோள் இல்லாமல் அவனுக்குத் தும்மல்கூட வராது, அதனால் அந்தப் பெயர். “பாதி சவரம் ஒரு குறியீடு. ஆணாதிக்கம் பாதியில நின்னு போறதச் சொல்றாங்க.” அப்பா கேட்டிருந்தால் மீதிச் சவரத்தை மறந்து நாற்காலியிலிருந்து இறங்கி ஓடியிருப்பார்.

அதுவாவது பரவாயில்லை. ‘முன்வரிசை’ பேசினாள். “அம்மா பாத்திரம் ஒட்டவே இல்ல. எந்தப் பொம்பளையாவது புருஷன் பொணத்தப் பார்த்துச் சிரிப்பாளா?” இன்னொருவர், “அந்தம்மாவுக்கு மனநிலை சரியில்லையோ? அப்படின்னா முன்னாடியே கோடி காட்டியிருக்கணும்.” மற்றொருவர், “எனக்கு அந்தம்மா மேல வெறுப்புதான் வந்துச்சு.” எல்லாத் தலைகளும் ஆடின.

என் அம்மாவை மேசைமேல் போட்டு ஆளாளுக்குப் புரட்டிப் பார்த்தார்கள். நான் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். பேசக் கூடாதே!

வகுப்பு முடிந்ததும் பேராசிரியையிடம் போனேன். “மேடம், அது நிஜமாவே நடந்தது.” அவர் கோபப்படவில்லை. “நடந்திருக்கும்மா. நான் இல்லைங்கல. உன் கதையில இன்னும் நடக்கல.”

யாரிடம் போய் நிற்க?

பிப்ரவரி 6, வெள்ளி

எந்தப் பொம்பளையாவதாம். வந்து பார்டி எங்க வீட்டுக்கு.

பிப்ரவரி 12, வியாழன்

சிரிப்பை நம்பவைக்க என்னென்னவோ செய்து பார்த்தாயிற்று. முன்னால் இரண்டு கிண்டல் காட்சிகள் வைத்தேன். பேராசிரியை படித்துவிட்டு, “இப்ப விளக்கம் ஜாஸ்தியாயிடுச்சு” என்றார். கிண்டலை எடுத்தேன், மொட்டையாக நின்றது. இந்தக் கதை தேறாவிட்டால் இந்தத் தாள் தேறாது. தாள் தேறாவிட்டால் இந்த வருஷத்தை மறுபடி படிக்க வேண்டும்.

“ஒரே ஒரு தடவை சிரிப்ப எடுத்துட்டுப் பாரேன். பிடிக்கலைன்னா திரும்ப வெச்சுக்கலாம்” என்றார். நல்லவர். அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்தால் திட்டியாவது தொலைக்கலாம்.

பிப்ரவரி 19, வியாழன்

எடுத்துவிட்டேன். கதையில் இப்போது அம்மா மண்டியிட்டு, வெறும் கையால் நுரையைத் துடைத்து, அந்தக் கன்னத்தில் தன் கன்னத்தை வைத்து அழுகிறாள்.

தடங்கலே இல்லாமல் வந்தது. சிரிப்பை எழுத மாதக்கணக்கில் முட்டிக்கொண்டேன், அழுகை ஒரே மூச்சில் வந்துவிட்டது. என்ன அழகாக அழவைத்திருக்கிறேன், பாவி.

மார்ச் 5, வியாழன்

முன்வரிசைக்குக் கண் கலங்கிவிட்டது. அடிக்குறிப்பு மேற்கோளே காட்டவில்லை. துறை ஆண்டிதழில் போடப்போகிறார்களாம். ஒவ்வொருவராக வந்து தோளைத் தட்டினார்கள். நன்றி, நன்றி என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். வேறு என்ன செய்ய முடியும்?

மார்ச் 22, ஞாயிறு

அண்ணன் வந்திருந்தான். ஆண்டிதழ் மேசைமேல் கிடந்தது. நான் ஒளித்து வைத்திருக்க வேண்டும். படித்துவிட்டான். படித்தது மட்டும் இல்லை, அம்மாவை உட்காரவைத்து வரி வரியாகத் தமிழில் சொல்லியிருக்கிறான். நான் குளித்துவிட்டு வரும்போது இருவரும் சோபாவில். அவன் கண் சிவந்திருந்தது.

அப்பா போன அன்று அவன் வெளியூரிலிருந்து வந்து சேர மாலையாகிவிட்டது. அதற்குள் அம்மா கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள். உறவுக்காரர்களும் காதோடு காதாகப் பேசினார்கள். அப்பாவுக்காக அம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்பது அவனுக்கு இத்தனை நாளும் ஒரு குறை. வாய்விட்டுச் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

அம்மா என்னைப் பார்த்தாள். “குட்டி, நான் அழுதேனா?”

சொல்லியிருக்கலாம். இல்லம்மா, சிரிச்ச, அது அழுகையவிடப் பெருசுன்னு சொல்லியிருக்கலாம். அண்ணன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் வாயையே பார்க்கிறான்.

“ஆமாம்மா” என்றேன்.

அம்மா நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். “நல்லவேளை. எனக்கு ஒண்ணும் சரியா ஞாபகமே இல்ல. சிரிச்சுத் தொலைச்சுட்டேனோன்னு உள்ளுக்குள்ள ஒரு பயம். யார்கிட்டப் போய்க் கேக்கறது, சொல்லு?”

இத்தனை நாள் அது அவளை அரித்திருக்கிறது. பக்கத்து அறையில்தான் இருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை. இனி நான் எதைத் திருத்துவது? திருத்தினால் அம்மாவின் நிம்மதியும் போய்விடும், அண்ணனின் நிம்மதியும் போய்விடும்.

மார்ச் 24, செவ்வாய்

மதிப்பெண் வந்தது. வகுப்பிலேயே அதிகம்.

ஏப்ரல் 12, ஞாயிறு

அப்பா போனபோது வர முடியாத சித்தி இன்று வந்தார். நான் காபி போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா கூடத்தில் அந்த நாளைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். மண்டியிட்டது, வெறும் கையால் துடைத்தது, கன்னத்தோடு கன்னம். எல்லாம் என் வரிகள். நான் எழுதாத ஒன்றையும் சேர்த்துக்கொண்டாள். நுரை இன்னும் ஈரமாக இருந்ததாம், சோப்பு வாசனை கையை விட்டுப் போகவே இல்லையாம்.

“இவளக் கேளு, இவதான் கூட இருந்தா” என்றாள். சித்தி என்னைப் பார்த்தார். “ஆமா சித்தி” என்றேன்.

அம்மா மேலே சொல்லப் போனாள், சொல்ல முடியவில்லை. வாய் கோணிக்கொண்டது. கன்னத்தைத் தடவிக் காட்ட எடுத்த கை முகத்திலேயே நின்றுவிட்டது. பிறகு குரலெடுத்து அழுதாள். சித்தி எழுந்து போய்க் கட்டிக்கொண்டார். “அழு, நல்லா அழு” என்றார்.

அப்பா போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. அம்மா அழுது நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. காபித் தட்டைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றுகொண்டிருந்தேன்.