ஆள் இல்லை

12.2.2025, புதன்
இன்று நானூறு படம் முடித்தேன். எல்லாம் வானத்திலிருந்து எடுத்தவை. ஏதோ வறண்ட ஊர், மண்பாதை, குட்டிச்சுவர். வண்டி இருந்தால் வண்டி, ஆள் இருந்தால் ஆள் என்று குறிக்க வேண்டும். யாரும் இல்லையென்றால் ‘ஆள் இல்லை’. மொட்டை மாடியில்தான் டவர் கிடைக்கிறது. லேப்டாப்பும் குடையுமாக நான் உட்கார்ந்திருப்பதை எங்கள் காவாந்தண்டலம் ஊரே வேடிக்கை பார்க்கிறது.

பாதையில் புல்லோ விறகோ, கட்டுகள் கிடக்கும் படம்தான் அதிகம். இந்த வாரம் மட்டும் இருநூறு இருக்கும். எல்லாம் ‘ஆள் இல்லை’. சுலபம்.

14.2.2025, வெள்ளி
கூட வேலை செய்யும் கீர்த்தி போன் செய்தாள். இதெல்லாம் ராணுவத்துக்காம். போர்க்களத்தில் எங்கே ஆள் இருக்கிறது, எங்கே குண்டு போடலாம் என்று தளபதிக்கு யோசனை சொல்லும் கம்ப்யூட்டர். நாங்கள் குறிப்பதைப் பார்த்துத்தான் அது கற்றுக்கொள்கிறதாம். எந்த நாட்டு ராணுவம்? அவளுக்கும் தெரியாது. நான் பயிர்க் கணக்கெடுப்பு என்றல்லவா நினைத்தேன்! விட்டுவிடவா? நாளைக்கும் உட்காருவேன் போலத்தான் இருக்கிறது.

17.2.2025, திங்கள்
சாயங்காலம் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். வாசலுக்கு ஒரு புல்லுக்கட்டு வந்தது. கட்டு மட்டும்தான். தலை இல்லை, புடவை இல்லை. பக்கத்தில் நீளமாக நிழல் — அதற்குக் கால் இருந்தது.

அம்மா! கூப்பிட்டேன். நிமிரவில்லை. தலையில் சுமையோடு எப்படி நிமிர்வாள்?

"மேல நின்னுக்கினு இன்னா பாக்குற சுகிர்தா? எறங்கி வந்து ஒரு கை குடு."

கட்டை இறக்கிவிட்டு மேலே ஓடினேன். பழைய படங்கள் திறக்கவில்லை. அனுப்பியாகிவிட்டது. ஐயோ, அதெல்லாம் கிடந்த கட்டா, நடந்த கட்டா? நானும் புல்லு சுமந்தவதானே? எனக்கே எப்படித் தெரியாமப் போச்சு?

18.2.2025, செவ்வாய்
டீம் லீடர் தினேஷ்குமாரிடம் போனில் சொன்னேன். திருத்த வேண்டும் என்றேன்.

"அது முடிஞ்சுபோன செட்டும்மா. இன்னாத்துக்குப் பேஜார் பண்ணிக்கினு கீற? மிஷினு யோசனதான் சொல்லும். முடிவு ஆபீசரு எடுப்பாரு."

"எதப் பாத்து சார் எடுப்பாரு?"

"மிஷினு சொல்றதப் பாத்துதான்."

வைத்துவிட்டார். அப்படியானால் முடிவு எடுப்பது யார்? மிஷினா, ஆபீசரா, குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நானா? ஒன்றும் விளங்கவில்லை.

21.2.2025, வெள்ளி
திருத்தச் சொல்லிக் கம்பெனிக்கு மூன்று மெயில் போட்டேன். பதில் இல்லை.

10.3.2025, திங்கள்
புது வேலை. இப்போது மிஷினே பதில் சொல்கிறது. சரியா, தவறா என்று நாங்கள் அழுத்தினால் போதும். ஒரு படத்துக்கு மூன்று பேர். இரண்டு பேர் சொல்வதுதான் நிற்கும்.

ஏழாவது படம். மண்பாதையில் வரிசையாக ஐந்து கட்டு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் நிழல். மிஷின் போட்டிருந்தது: ‘ஆள் இல்லை. உறுதி 97 சதவீதம்.’

நான் சொல்லிக்கொடுத்தது.

‘தவறு’ அழுத்தினேன். காரணம் கேட்டது. ‘நிழலுக்குக் கால் இருக்கிறது’ என்று எழுதினேன். மற்ற இருவரும் ‘சரி’ அழுத்தியிருந்தார்கள். பெயரும் காட்டியது; ஒருத்தி கீர்த்தி. உடனே போன் போட்டேன், நிழலைப் பார்த்தியாடி என்று கேட்டேன்.

"நான் எங்க பாத்தேன் அக்கா? மிஷினே தொண்ணூத்தேழுன்னு போட்டுக்கீதே" என்றாள்.