பஜாரைப் பார்த்த கண்ணாடி வாசல்

காக்கா,

காலையிலிருந்து என் விரலெல்லாம் புளி வாசம். உங்கள் கடையின் பித்தளைச் சட்டங்களைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். ஆளை விட்டால் உப்புத்தாள் போட்டுச் சுரண்டிவிடுவான் என்று பயந்து நானே உட்கார்ந்துவிட்டேன். கடையைப் புதுப்பிக்கச் சொல்லி துபாயிலிருந்து உங்கள் மகன் பேசினான். "முன்பக்கத்தை மட்டும் மாத்திராதீக மாமா, வாப்பா ஆசைப்பட்டுக் கட்டுனது" என்றான். உங்களை அண்ணனாக நினைத்துக் காக்கா என்று கூப்பிட்டு, அதைக் கட்டிய கொத்தனாரிடமே சொல்கிறான்.

கப்பலில் பதினான்கு வருஷம் சமைத்துவிட்டு நீங்கள் கீழக்கரைக்குத் திரும்பியபோது, பெட்டியில் கப்பல் நின்ற துறைமுகத்தில் நீங்கள் எடுத்த ஒரு பழைய கட்டடத்தின் போட்டோக்கள் இருந்தன. நூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் ஐந்து காசு, பத்துக் காசுக் கடைகள் ஊருக்கு ஊர் இருந்தனவாம். எல்லாவற்றுக்கும் ஒரே முகம். தலைக்கு மேல் நீளச் சிவப்புப் பலகை, அதில் பொன் எழுத்து. இரண்டு பக்கமும் உள்ளே வளைந்து போகும் கண்ணாடி, வளைவு முடிகிற இடத்தில் தெருவிலிருந்து ஆறடி தள்ளிக் கதவு.

"கடை பூட்டிக் கெடக்கு தம்பி. நான் வாங்கவும் ஒண்ணுமில்ல. ஆனாலும் காலு தன்னால உள்ள போச்சு. அப்படிக் கட்டியிருக்கான்" என்றீர்கள்.

அதே போல ஒன்று பஜாரில் வேண்டும், எதை எடுத்தாலும் பத்து ரூபாய் என்றீர்கள். பத்து ரூபாய்ச் சீப்பு விற்க இத்தனை கண்ணாடியா, சொந்த இடத்தில் ஆறடியைத் தெருவுக்குத் தானம் செய்வதா என்று கேட்டேன். "கண்ணாடி சீப்புக்கு இல்ல தம்பி, வாரவகளுக்கு மரியாதை" என்று வாயை அடைத்துவிட்டீர்கள். வளைந்த கண்ணாடி சென்னையிலிருந்து வைக்கோல் சுற்றி வந்தது. அதில் ஒன்றை இறக்கும்போது நான்தான் உடைத்தேன். லாரியிலேயே விரிசல் இருந்தது என்று சொன்னது பொய். இனி நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது, அதனால் சொல்கிறேன்.

திறப்பு நாளன்று பஜார் ஆண்கள் வரிசையாக வந்து கண்ணாடியில் மீசையைச் சரி செய்துகொண்டு போனார்கள். ஒருவர் மட்டும் உள்ளே வந்தார். பணம் எடுக்கும் கவுண்டர் எது என்று கேட்டார். மதியம்வரை ஒரு வளையல் போகவில்லை. நீங்கள் கப்பலில் உழைத்ததெல்லாம் அந்தச் சுவரில் இருக்கிறது. உங்கள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

லுஹர் தொழுதுவிட்டு வந்தவர் வாசலில் காலைத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றீர்கள். போட்டோவில் இருந்தது போலவே வாசல் தரையில் மொசைக்கில் பெயர் பதித்திருந்தோம். உங்கள் வாப்பாவின் பெயர். "வாப்பா பேரையா மிதிக்கிறது?" என்று என்னை முறைத்தீர்கள். பதிக்கச் சொன்னவரே நீங்கள்தான். காலைக் கீழே வைக்காமலே திரும்பி, பின்பக்க முடுக்குச் சந்து வழியாகக் குடோன் கதவுக்குப் போனீர்கள். நானும் பின்னால் ஓடினேன்.

அங்கே இருபது இருபத்தைந்து பெண்கள். எல்லோருக்கும் முன்னால் உங்கள் மனைவி, எனக்கு லாத்தா.

"எம்புட்டு நேரந்தான் தட்டுறது? கடையத் தொறந்தீகளா, சாத்திட்டுப் போயிட்டீகளா?"

அன்றெல்லாம் நம் ஊர்ப் பெண்கள் பஜார் தெருவில் நடக்க மாட்டார்கள். வீடுகளுக்குப் பின்னால் ஓடும் முடுக்குகள்தான் அவர்கள் பாதை. அதே ஊரில் பிறந்த உங்களுக்கும் அது தெரியும், நாற்பது வீடு கட்டிய எனக்கும் தெரியும். தெரிந்தே வளையல் கடையின் முகத்தை ஆண்கள் பக்கம் வைத்திருக்கிறோம். அன்று சாயங்காலம்வரை சாக்கு மூட்டைகளின் மேல் பரப்பித்தான் வியாபாரம் நடந்தது.

மறுநாளே முடுக்கிலும் ஒரு சிவப்புப் பலகை மாட்டச் சொன்னீர்கள். முடுக்கு நாலடி அகலம், எழுத்து ஒன்றரை அடி உயரம். படிக்க வேண்டுமானால் எதிர்ச் சுவரில் முதுகை ஒட்டி நின்று வானத்தைப் பார்க்க வேண்டும். கடை பிழைத்துக்கொண்டது. ஆனால் நீங்கள் தினமும் சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு முன்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தீர்கள். ஒரே ஒரு தடவை இந்த வழியாக வாயேன் என்று லாத்தாவைக் கெஞ்சிக்கூடப் பார்த்தீர்கள். "பத்து ரூவா ஊக்குக்கு நான் பஜாரச் சுத்தி வரணுமாக்கும்" என்றார்கள். சிரித்தீர்கள். உள்ளுக்குள் நொந்துபோனது எனக்குத் தெரியும்.

தெரிந்தும் அந்தக் கதையை நான் போன இடமெல்லாம் சொன்னேன் காக்கா. முகம் ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம் வைத்த கடை என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். நீங்கள் மௌத்தாகி அடக்கம் செய்த வாரம்கூட ஒரு டீக்கடையில் சொன்னேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இன்று பதினொரு மணிக்கு வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. காலேஜில் படிக்கும் உங்கள் பேத்தியும் இரண்டு தோழிகளும். கண்ணாடியில் முகம் பார்த்து முக்காட்டைச் சரி செய்துகொண்டு, வளைவோடு வளைவாக நடந்து நேராகக் கதவுக்கு வந்தார்கள்.

"இந்த வழியாவா வாரீக?" என்றேன்.

"பின்ன? முடுக்குல ஸ்கூட்டரத் திருப்ப முடியாது தாத்தா" என்றாள்.

புளிக் கையோடு முகத்தைத் துடைத்ததில் கண் எரிந்தது. எரியாவிட்டாலும் அழுதிருப்பேன். நீங்கள் தப்பாகக் கட்டவில்லை காக்கா, கொஞ்சம் முந்திக் கட்டிவிட்டீர்கள்.

போன வாரம் சாயல்குடிக்காரர் ஒருவர், உப்பளத்தைப் பார்த்தபடி மாடம் வைத்துக் கல்யாண மண்டபம் வேண்டும் என்றார். உப்பைப் பார்க்க எவன் வருவான் என்று அவர் முகத்துக்கு நேரே சிரித்துவிட்டு வந்தேன். இன்று சாயங்காலம் நானே அவருக்குப் போன் போட்டேன்.

"நாளைக்குக் காலையில அளவெடுக்க வாரேன்" என்றேன்.